கரடி வாசலும் கொத்தமல்லி போட்ட பியரும்

முதல் மிடறு தொண்டைக்குள் இறங்கியபோது எனக்கு ஞாபகம் வந்தது நெஸ்டமோல்ட். காய்ச்சல் விட்ட பிறகு அம்மா சுடச்சுட ஆற்றித் தருவாரே, அந்த மணம். முளைக்கவைத்து வறுத்த தானியத்தின் மணம். அதற்குப் பின்னால் மெல்லக் கருகிய சீனி. அதற்கும் பின்னால் கிறிஸ்மஸ் கேக்குக்குள் ஊறிக் கிடக்கும் பிளம்ஸ். கடைசியாக நாக்கின் ஓரத்தில் இன்னொன்று வந்தது. அது என்னவென்று பிடிபடாமல் இரண்டாவது மிடறு குடித்தேன். கொத்தமல்லி. தடிமன் பிடித்தால் வீட்டில் அவித்துத் தரும் மல்லிக் குடிநீரின் அதே வாசம், ஸ்கொட்லாந்தின் தெற்கே ஒரு பழைய மாளிகையில், கறுப்பு பியர் ஒன்றுக்குள்ளிருந்து வந்தது.

எடின்பரோவில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் எனக்கு வேலை. என்னைவிட இருபது வயது மூத்த ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் என்னோடு வேலை செய்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்தான் தனது காரில் ஏற்றிக்கொண்டு போனார். ஒரு மணி நேர ஓட்டம். ட்வீட் ஆற்றுக்குப் பக்கத்தில் இன்னர்லீதன் என்ற சிறு ஊர், அதைத் தாண்டினால் ட்ரக்வெயர் மாளிகை. ஸ்கொட்லாந்தில் ஆட்கள் தொடர்ந்து குடியிருக்கும் வீடுகளில் இதுதான் மிகப் பழையது என்கிறார்கள். 27 மன்னர்களும் மகாராணிகளும் வந்து தங்கிப் போன வீடு. வீட்டின் ஒரு பக்கச் சிறகில், மேலே தேவாலயம், கீழே மதுவடிக்கும் அறை. 1739இல் பொருத்திய செப்புக் கொதிகலன் இன்னும் அங்கே இருக்கிறது. இடையில் நூறு வருடங்களுக்கு மேல் எவரும் தொடாமல் தட்டுமுட்டுச் சாமான்களுக்குள் கிடந்ததை, 1965இல் அப்போதைய வீட்டுக்காரர் பீற்றர் மக்ஸ்வெல் ஸ்டுவர்ட் துப்புரவாக்கி மறுபடி அடுப்பு மூட்டினார். இப்போதும் ஓக் மரத் தொட்டிகளிலேயே நொதிக்க விடுகிறார்கள்.

குடியைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பெரிய குடிகாரன் அல்ல. குடி எங்கள் குடும்பத்துக்குள் என்ன செய்தது என்பது எனக்குத் தெரியும், அதற்குப் பிறகு வருகிறேன். இந்தக் கட்டுரை ஒரு போத்தலில் தொடங்கினாலும் அந்தப் போத்தலில் ஒட்டியிருந்த பெயரைப் பற்றியதுதான்.

பெயர் ஜேக்கபைட் ஏல். 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் 250ஆவது ஆண்டு நினைவாக 1995இல் வடித்தது. 8 சதவீத அற்ககோல். வெளிச்சத்துக்குப் பிடித்தால் முழுக்கக் கறுப்பு இல்லை, ஓரத்தில் பழைய முதிரை மரத்தின் சிவப்பு தெரிகிறது. நுரை குறைவு, அதுவும் பழுப்பு. ஊரில் லயன் ஸ்டவுட் குடித்தவர்கள் இதையும் அப்படி நினைத்துக்கொண்டு குடித்தால் ஏமாந்துபோவார்கள். ஸ்டவுட்டில் கரிந்த கசப்பு முன்னுக்கு நிற்கும். ஸ்கொட்லாந்துப் பாணி ஏலில் முன்னுக்கு நிற்பது மோல்ட்டின் இனிப்பு. ஹொப்ஸ் குளிர் நாட்டின் வடக்கே நன்றாக வளராது, தெற்கிலிருந்து காசு கொடுத்து வாங்க வேண்டும். பார்லி வீட்டு வாசலிலேயே விளைந்தது. அதனால் கசப்புக் குறைந்து மாப்பொருளின் கனம் கூடிய குடிவகையாக இது ஆகிவிட்டது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். எப்படியோ, விழுங்கிய பின்னும் பனங்கட்டிப் பாணியைப் போல வாயில் தங்குகிறது. நெஞ்சில் ஒரு சூடு. கடைசியில்தான் கசப்பு வருகிறது, கொஞ்சமாக.

ஜேக்கபைட் என்றால் யார் என்று நண்பரிடம் கேட்டேன். அவர் கிளாஸை வைத்துவிட்டு, வா என்று வெளியே கூட்டிப் போனார். மாளிகைக்கு நேரெதிரே, இரண்டு பக்கமும் மரம் வைத்த ஒரு நீண்ட பாதை. பாதை முழுக்கப் புல். அதன் மறு அந்தத்தில் இரண்டு உயரமான தூண்கள், ஒவ்வொரு தூணின் உச்சியிலும் ஒரு கற்கரடி, நடுவில் இரும்புக் கேற். பூட்டியிருந்தது. 1745இல் ஒரு இளைஞன் இந்த வழியால் வெளியே போனான், அவன் போன பின் வீட்டுக்கார ஏர்ல் கேற்றைப் பூட்டி, ஸ்டுவர்ட் வம்சத்து அரசன் ஒருவன் மறுபடி முடிசூடும்வரை இது திறக்கப்படாது என்று சபதம் செய்தார், இன்றுவரை திறக்கவில்லை என்றார். பின்னால் வந்த ஒரு ஏர்ல் தன் மனைவி இறந்த துக்கத்தில் பூட்டினார் என்று வேறொரு கதையும் உண்டு. ஆனால் ஊர் நம்புவது முதலாவதைத்தான்.

அந்த இளைஞன் சார்ள்ஸ் எட்வேர்ட் ஸ்டுவர்ட். பிஸ்கட் பெட்டிகளிலும் விஸ்கிப் போத்தல்களிலும் நீல நாடா கட்டிய தொப்பியோடு சிரித்துக்கொண்டிருப்பாரே, அந்த அழகு இளவரசர். எடின்பரோவில் உல்லாசப் பயணிகளுக்குச் சாமான் விற்கும் எந்தக் கடைக்குள் போனாலும் அவர் முகம் இருக்கும். ஏழு வருடங்களாக அந்தக் கடைகளைத் தாண்டி வேலைக்குப் போயிருக்கிறேன், யாரென்று கேட்கத் தோன்றியதில்லை.

அவர் பிறந்தது ஸ்கொட்லாந்தில் அல்ல. 1720 டிசம்பர் 31, ரோம் நகரில், போப்பாண்டவர் கொடுத்த ஒரு மாளிகையில் பிறந்தார். பாட்டனார் ஜேம்ஸ் மன்னர் கத்தோலிக்கர் என்ற காரணத்தால் 1688இல் மூன்று இராச்சியங்களையும் இழந்து பிரான்சுக்கு ஓடியவர். அந்த ஜேம்ஸின் இலத்தீன் பெயரிலிருந்து வந்ததுதான் ஜேக்கபைட் என்ற சொல். தகப்பனார் வாழ்நாள் முழுக்க நாடில்லாத அரசராகவே இருந்தார். தாய் கிளெமென்டினா போலந்து மன்னர் சொபியெஸ்கியின் பேத்தி. பிள்ளைக்கு ஐந்து வயதாவதற்கு முன்பே கணவனோடு கோபித்துக்கொண்டு கன்னியர் மடத்துக்குப் போய்விட்டார், திரும்பி வந்தாலும் நோன்பும் நோயுமாக இருந்து 1735இல் இறந்தார். இந்தச் சிறுவன் கண்ணால் காணாத ஒரு ஊரை உன் ஊர் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவன். லண்டனிலும் ரொறொன்ரோவிலும் பிறந்த நமது பிள்ளைகளை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் அவர்களுக்கு யாரும் படை கொடுப்பதில்லை, அது நல்லது.

1744இல் பிரான்ஸ் அவரைக் காட்டி இங்கிலாந்து மீது படையெடுக்கத் தயாரானது. டன்கேர்க் துறைமுகத்தில் புயல் அடித்துக் கப்பல்கள் சிதைந்தன, பிரான்ஸ் கைகழுவிவிட்டது. அடுத்த வருடம் சார்ள்ஸ் கடன் வாங்கி இரண்டு கப்பல்களோடு தானாகவே புறப்பட்டார். ஆட்களும் ஆயுதமும் ஏற்றிய பெரிய கப்பலை வழியில் பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்று அடித்து நொருக்கியது, அது பிரான்சுக்கே திரும்பியது. மிஞ்சிய சின்னக் கப்பலில் ஏழு துணைவர்களோடு 1745 ஜூலை 23ஆம் திகதி எரிஸ்கே தீவில் இறங்கினார். வயது 24. அங்கே சந்தித்த முதலாவது ஹைலண்ட் பிரமுகர் கொடுத்த ஆலோசனை, வீட்டுக்குத் திரும்பிப் போ என்பதுதான்.

அவர் போகவில்லை. கமரன் குலத் தலைவர் லொகீல், பிரெஞ்சுப் படை வராமல் இது நடக்காது என்று தெரிந்தும், கொடுத்த வாக்குக்காகக் கடைசியில் இணங்கினார். ஓகஸ்ட் 19ஆம் திகதி கிளென்பினன் ஏரிக்கரையில் கொடி ஏறியது. அங்கே இன்று ஒரு கல்தூண் நிற்கிறது. அதன் உச்சியில் நிற்பவர் இளவரசர் என்றுதான் பலரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது பெயரில்லாத ஒரு ஹைலண்ட் போராளியின் சிலை.

இந்தப் போராளிகள் எல்லோரும் விரும்பி வந்தவர்கள் அல்ல. குலத் தலைவனின் நிலத்தில் குடியிருப்பவன், தலைவன் அழைத்தால் வாளோடு வர வேண்டும். வராத வீட்டின் கூரைக்குத் தீ வைப்போம், மாட்டைக் கொண்டுபோவோம் என்று மிரட்டிச் சேர்த்த இடங்களும் உண்டு. பின்னால் நீதிமன்றங்களில் நின்ற கைதிகளில் பலர் இதைத்தான் சொல்லி மன்றாடினார்கள். நம்பி வந்தவர்களும் ஏராளம். ஒரே படையில் இருவரும் இருந்தார்கள், ஒரே வீட்டிலிருந்தும் வந்திருப்பார்கள்.

தொடக்கத்தில் எல்லாம் வெற்றிதான். செப்டம்பரில் எடின்பரோ நகரம் கையில் விழுந்தது, கோட்டை மட்டும் விழவில்லை. செப்டம்பர் 21 விடியற்காலை பிரெஸ்டன்பான்ஸில் அரசாங்கப் படை அரை மணித்தியாலம்கூட நிற்கவில்லை. எடின்பரோவில் ஆறு வாரம் அரசவை நடந்தது. ட்ரக்வெயருக்கு வந்ததும் இந்தக் காலத்தில்தான் என்கிறார்கள். நொவெம்பரில் ஐயாயிரத்துச் சொச்சம் பேரோடு இங்கிலாந்துக்குள் இறங்கினார்கள். கார்லைல் விழுந்தது, மான்செஸ்டரைக் கடந்தார்கள், டிசம்பர் 4ஆம் திகதி டார்பிக்கு வந்தார்கள். லண்டன் இன்னும் 200 கிலோமீற்றர்.

டார்பியில் நடந்ததைத்தான் நான் அதிகம் யோசித்தேன். தளபதிகள் கூடினார்கள். லோர்ட் ஜோர்ஜ் மரே கேட்ட கேள்விகள் எளிமையானவை. எழுந்து வருவார்கள் என்ற ஆங்கிலேய ஆதரவாளர்கள் எங்கே? பிரெஞ்சுப் படை எப்போது இறங்கும்? இளவரசர் அதுவரை தன்னிடம் உறுதிமொழிகள் இருப்பதாகவே எல்லோரையும் நம்பவைத்திருந்தார். அன்று நெருக்கிக் கேட்டபோது, இங்கிலாந்திலிருந்து தனக்கு எந்தக் கடிதமும் வரவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. தளபதிகள் திரும்புவது என்று முடிவெடுத்தார்கள். திரும்பாமல் போயிருந்தால் லண்டன் விழுந்திருக்குமா என்று 280 வருடங்களாகச் சண்டை பிடிக்கிறார்கள். எனக்கு அந்தச் சண்டையில் அக்கறை இல்லை. கேட்டதும் அவர் உண்மையைச் சொல்லியிருக்கக்கூடிய நாள் டார்பிக்கு நான்கு மாதம் முந்தியது, லொகீல் தயங்கி நின்ற அந்த நாள். வெளியிலிருந்து உதவி வருகிறது, கப்பல் வருகிறது என்ற சொல்லை நம்பி நடந்தவர்களுக்கு அது விளங்கும்.

திரும்பும் வழி நெடுகக் குளிர். 1746 ஜனவரியில் பால்கர்க்கில் ஒரு வெற்றி கிடைத்தது, அதுவும் பயன்படவில்லை. ஏப்ரலில் இன்வர்னஸுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். சம்பளக் காசு முடிந்துவிட்டது, சாப்பாடும் முடிந்துவிட்டது. எதிரே கம்பர்லாந்துப் பிரபு, மன்னர் ஜோர்ஜின் மகன். ஏப்ரல் 15 அவருக்கு 25ஆவது பிறந்தநாள், படையினருக்குப் பிராந்தி கொடுத்தார். போதையில் கிடப்பார்கள், இரவோடு இரவாகப் போய் அடிக்கலாம் என்று இவர்கள் புறப்பட்டார்கள். அன்று ஆளுக்கு ஒரு பிஸ்கட்தான் உணவு. சேற்றிலும் இருட்டிலும் நடந்து, விடியப்போகிறது என்று தெரிந்ததும் பாதியில் திரும்பினார்கள். திரும்பி வந்து பசியோடு விழுந்து தூங்கியவர்களை அடுத்த நாள் மதியம் கலொடன் என்ற வெட்டவெளியில் நிறுத்தினார்கள். வேகமாகப் பாய்ந்து வாளால் வெட்டுவதே ஹைலண்ட் படையின் ஒரே பலம், இந்தச் சதுப்பு அதற்கு ஆகாது என்று மரே முன்பே சொல்லியிருந்தார். பீரங்கிகள் முதலில் பேசின. சண்டை ஒரு மணித்தியாலம்கூட நீடிக்கவில்லை. ஜேக்கபைட் பக்கம் இறந்தோரும் காயப்பட்டோரும் 1,500 முதல் 2,000 வரை. அரசாங்கப் பக்கம் இறந்தவர்கள் 50 அளவில்.

காயப்பட்டுக் களத்தில் கிடந்தவர்களை அன்றும் அடுத்த நாட்களிலும் கொன்றார்கள். இதை நான் விரித்து எழுதவில்லை. வாசிப்பவர்களில் பலருக்கு விரித்துச் சொல்லத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் சரியாகச் சொல்ல வேண்டும். இது ஸ்கொட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடந்த யுத்தம் அல்ல. கலொடனில் அரசாங்கப் பக்கத்திலும் ஸ்கொட்லாந்துக்காரர்கள் நின்றார்கள். தாழ்நிலப் புரட்டஸ்தாந்துகளில் பெரும்பாலானோர் ஸ்டுவர்ட்டுகள் திரும்பி வருவதை வெறுத்தார்கள். நம் கதையை அப்படியே இதன்மேல் போட்டுப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுவதும் முடியவில்லை.

கலொடனுக்குப் பிறகு ருத்வென் என்ற இடத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மறுபடி கூடினார்கள். தோற்றாலும் தொடரலாம் என்று அடுத்த கட்டளைக்குக் காத்திருந்தார்கள். இளவரசரிடமிருந்து வந்த தகவல், அவரவர் உயிரை அவரவர் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது. அவர் அப்போது மேற்குக் கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ஐந்து மாதங்கள் அவர் தலைமறைவாக அலைந்தார். தலைக்கு 30,000 பவுண் விலை. ஒரு ஹைலண்ட் குடியானவன் பல பிறவி எடுத்தாலும் காணாத தொகை. குகைகளிலும் மாட்டுக் கொட்டில்களிலும் படுத்தார், பச்சை ஓட்ஸ் மாவைத் தின்றார், வயிற்றோட்டத்தில் வாடினார். எத்தனையோ பேருக்கு அவர் இருக்கும் இடம் தெரியும். ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. ஜூன் கடைசியில் 24 வயதுப் பெண் புளோரா மக்டொனால்ட், அவருக்கு ஐரிஷ் வேலைக்காரியின் உடுப்பைப் போட்டுச் சின்ன வள்ளத்தில் ஸ்கை தீவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிறகு பிடிபட்டு லண்டனுக்குக் கொண்டுபோகப்பட்டு 1747இல் விடுதலையானார். செப்டம்பர் 20ஆம் திகதி பிரெஞ்சுக் கப்பல் ஒன்று வந்து இளவரசரை ஏற்றிப் போனது. அந்த ஐந்து மாதங்கள்தான் அவர் வாழ்க்கையில் நல்ல பகுதி என்பது என் எண்ணம். அப்போதுதான் அவர் தன் பெயரைச் சொல்லிச் செத்தவர்களின் வீட்டுத் தரையில் படுத்தார். தீவிரமாகக் குடிக்கத் தொடங்கியதும் அந்த மாதங்களில்தான். குளிருக்கும் பசிக்கும் கொடுக்கப்பட்ட விஸ்கியும் பிராந்தியும்.

அவர் போய்விட்டார். மற்றவர்கள் அங்கேயே இருந்தார்கள். படையினர் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகப் போய் வீடுகளை எரித்தார்கள், ஆயிரக்கணக்கில் மாடுகளை ஓட்டிக்கொண்டுபோய் விற்றார்கள். ஆயுதம் வைத்திருக்கத் தடை. ஹைலண்ட் உடைக்கும் தடை, கட்டம் போட்ட துணி உடுத்தால் ஆறு மாதச் சிறை, இரண்டாம் தடவை பிடிபட்டால் ஏழு வருட நாடுகடத்தல். அந்தத் தடை 1782வரை இருந்தது. ஒரு விதிவிலக்கு வைத்திருந்தார்கள், மன்னரின் இராணுவத்தில் சேர்ந்தவன் அதே துணியை உடுத்தலாம். கைதிகளைக் கப்பல்களில் அடைத்துத் தேம்ஸ் ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். கப்பலின் அடித்தட்டிலேயே காய்ச்சலில் பலர் இறந்தார்கள். சாதாரணக் கைதிகளைச் சீட்டுக் குலுக்கி, இருபதில் ஒருவரை விசாரணைக்கு எடுத்து, மற்றவர்களைக் கடல் தாண்டிய தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். ட்ரக்வெயர் ஏர்லும் லண்டன் கோபுரச் சிறைக்குப் போனார். அவருக்கு ஏர்ல் என்ற பட்டம் இருந்தது, உயிரோடு திரும்பி வந்தார்.

பிரான்சில் இளவரசருக்கு ஆரவார வரவேற்பு. இரண்டு வருடங்கள் பாரிஸ் அவரைக் கொண்டாடியது. 1748இல் பிரான்சும் பிரித்தானியாவும் சமாதானம் பேசியபோது போட்ட நிபந்தனைகளில் ஒன்று இவரை வெளியேற்றுவது. போகமாட்டேன் என்று அடம் பிடித்தார். டிசம்பரில் ஒபரா அரங்குக்கு வந்தபோது பிடித்துப் பட்டுக் கயிற்றால் கட்டிக் கொண்டுபோனார்கள். அரச குடும்பத்தவர் என்பதால் பட்டுக் கயிறு. அதன் பின் பொய்த் தாடி, பொய்ப் பெயர் என்று ஐரோப்பா முழுக்க அலைந்தார். 1750இல் இரகசியமாக லண்டனுக்கே போய் வந்தார், அங்கே மதமும் மாறினார். ஒன்றும் ஆகவில்லை. லொகீலின் தம்பி, வைத்தியர் ஆர்ச்சிபோல்ட் கமரன், புதிய சதியொன்றுக்காக ஸ்கொட்லாந்துக்குத் திரும்பிப் பிடிபட்டு 1753இல் லண்டனில் தூக்கிலிடப்பட்டார். 1759இல் பிரான்ஸ் மறுபடி படையெடுக்க எண்ணி அவரைப் பேச்சுக்கு அழைத்தது. பிந்தி வந்தார், குடித்துவிட்டு வந்தார். அவரை நம்பி எதுவும் செய்ய முடியாது என்று அமைச்சர் முடிவுகட்டினார்.

வீட்டுக்குள் நடந்தது இதைவிட மோசம். ஸ்கொட்லாந்தில் அறிமுகமான கிளெமென்டினா வோக்கின்ஷோ 1752இல் அவரோடு வந்து சேர்ந்தார், அடுத்த வருடம் சார்லொட் என்ற மகள் பிறந்தாள். எட்டு வருட அடி உதைக்குப் பிறகு 1760இல் அந்தப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கன்னியர் மடத்துக்கு ஓடினார். ஓட உதவியது வேறு யாருமல்ல, சார்ள்ஸின் சொந்தத் தகப்பன். 1766இல் தகப்பன் இறந்தார். இனி நான்தான் அரசன் என்றார் சார்ள்ஸ், போப்பாண்டவர்கூட ஏற்கவில்லை. 1772இல், 51 வயதில், 19 வயது லுயீஸைக் கலியாணம் செய்தார். வாரிசு பிறக்கவில்லை. புளோரன்ஸ் நகரில் அவர் எத்தனை போத்தல் சைப்ரஸ் வைன் குடிக்கிறார், ஒபராவில் எப்போது தூங்கி விழுகிறார், மனைவியை எப்படி நடத்துகிறார் என்பதையெல்லாம் அங்கிருந்த பிரித்தானியத் தூதர் ஹோரஸ் மான் லண்டனுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். 1780இல் ஒரு இரவு அடி தாங்காமல் லுயீஸும் போய்விட்டார்.

இதே வருடங்களில் ஸ்கொட்லாந்துப் பெரிய வீடுகளில் ஒரு இரகசியச் சடங்கு நடந்தது. மன்னருக்காகக் குடிக்கச் சொன்னால் கிளாஸை மேசையிலுள்ள தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலால் கொண்டுபோய்க் குடிப்பார்கள். கடலுக்கு அப்பால் இருக்கும் மன்னருக்கு என்று அர்த்தம். ரோசாப்பூ வெட்டிய கிளாஸ்களில் அப்படிக் குடித்தார்கள். ட்ரக்வெயர் மாளிகைக்குள் அத்தகைய ஒரு கிளாஸைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தேன். அவர்கள் யாருக்காகக் குடித்தார்களோ அவரும் அந்த நேரத்தில் குடித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

இங்கே எனக்குச் சித்தப்பாவின் ஞாபகம் வந்தது. சண்டைக்கு முன்பு சித்தப்பா தவறணைப் பக்கமே போகாதவர். 2009 மே மாதம் வட்டுவாகலைக் கடந்து வந்தபோது அவருடைய மூத்த மகன் ஒரு பஸ்ஸில் ஏற்றப்பட்டான், அவ்வளவுதான். முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு சித்தப்பா கசிப்பில் தொடங்கினார். சித்தியையும் அடித்திருக்கிறார், அதை மறைத்து என்ன. 2016இல் ஈரல் கெட்டு இறந்தார். வீட்டுப் படலையை இரவில் கட்டக் கூடாது என்பது மட்டும் கடைசிவரை அவர் கட்டளை. இங்கே பூட்டிய கேற்றுக்கு முன்னால் நின்றபோது, அங்கே கட்டாத படலை கண்ணுக்குள் வந்தது.

சார்ள்ஸைக் கடைசியில் பார்த்துக்கொண்டது அவர் இருபது வருடங்களுக்கு மேலாக ஒதுக்கி வைத்திருந்த மகள். சார்லொட் பிரான்சில் தனது மூன்று சிறு பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு 1784இல் தகப்பனிடம் வந்தார். அந்தப் பிள்ளைகளின் இருப்பே தகப்பனுக்குத் தெரியாது என்கிறார்கள். மகள் வந்த பிறகு குடியைக் கொஞ்சம் குறைத்தார். 1788 ஜனவரி கடைசியில், பிறந்த அதே ரோம் மாளிகையில் இறந்தார். வயது 67. ஸ்கொட்லாந்தில் அவர் வாழ்ந்த மொத்தக் காலம் பதினான்கு மாதம், அதில் இங்கிலாந்து போய்வந்த நாட்களையும் கழிக்க வேண்டும். சார்லொட் அடுத்த வருடமே இறந்தார். தம்பி ஹென்றி கத்தோலிக்கக் கர்தினால், பிள்ளைகள் இல்லை. முதுமையில் அவருக்கு ஓய்வூதியம் கொடுத்தது மன்னர் மூன்றாம் ஜோர்ஜ், கலொடனில் வென்ற கம்பர்லாந்தின் பெறாமகன். 1807இல் ஹென்றியும் இறந்ததோடு அந்த வழி முடிந்தது. கரடி வாசலைத் திறக்க வேண்டியவர் இனி வர வழியில்லை.

மாளிகைக்கு இப்போது போய்வருவது பக்கத்தில் போட்ட ஒரு வழியால். அதைத் தற்காலிகப் பாதை என்றுதான் சொல்கிறார்கள்.

இரண்டு வாரம் கழித்து, லீவு நாளில் எடின்பரோவிலுள்ள தேசிய நூலகத்துக்குப் போனேன். 1928, 29ஆம் ஆண்டுகளில் ஸ்கொட்லாந்து வரலாற்றுச் சங்கம் வெளியிட்ட மூன்று தொகுதிகள் இருக்கின்றன. 1745 கிளர்ச்சியில் சிறைபிடிக்கப்பட்டவர்களைச் சிறைப் பதிவுகள், கப்பல் பதிவுகள், நீதிமன்றத் தாள்கள் எல்லாவற்றிலும் தேடி எடுத்துப் பெயர் பெயராக எழுதியிருக்கிறார்கள். மொத்தம் 3,471 பேர். பெண்களும் இருக்கிறார்கள், பிள்ளைகளும் இருக்கிறார்கள். தூக்கிலும் வேறு விதமாகவும் மரணதண்டனை பெற்றோர் 120. கடல் கடந்து அனுப்பப்பட்டோர் 936. நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டோர் 222. சிறையில் இறந்ததாகப் பதிவானோர் 88. தப்பியோடியோர் 58. நிபந்தனையோடு மன்னிக்கப்பட்டோர் 76. விடுவிக்கப்பட்டோர் அல்லது கைதிப் பரிமாற்றத்தில் போனோர் 1,287. என்ன ஆனார்கள் என்றே தெரியாதோர் 684.

அந்தக் கடைசி எண்ணை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. பிஸ்கட் பெட்டியில் சிரிக்கும் முகத்துக்கு நான்கு பக்கமும் இந்த 684 பேர் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் சிலை இல்லை, போத்தலில் பெயர் இல்லை. அவர்களின் தாய்மார் எந்தத் துறைமுகத்தில், யாரிடம், எத்தனை வருடம் விசாரித்திருப்பார்கள் என்பதை அந்தத் தொகுதிகளில் எவரும் எழுதிவைக்கவில்லை.

அன்று இரவு சித்திக்குப் போன் எடுத்தேன். வழக்கமான சுகதுக்கம் விசாரித்த பிறகு, ஏன் என்று தெரியவில்லை, இந்தப் பட்டியலைப் பற்றிச் சொன்னேன். 280 வருடத்துக்கு முந்திய கதையைச் சொல்லி எதற்கு அவரைக் குழப்புகிறேன் என்று பாதியில் தோன்றியது. சித்தி குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஒன்றைத்தான் கேட்டார். தெரியாமல் போன அந்த ஆட்களின் பெயராவது அதில் இருக்கிறதா என்று.

இருக்கிறது சித்தி, எல்லோருடைய பெயரும் இருக்கிறது என்றேன்.